ஈரப் புடைவையும் சீமை அகத்தியும்

திருப்பதியில் பூவுக்குப் பஞ்சமே கிடையாது. நான் வாழ்க்கைப்பட்டுப் போனது கோயிலை ஒட்டிய தெரு. விடியும் முன்பே சாமந்தியும் விருட்சியும் துளசியும் கூடை கூடையாக எங்கள் வாசலைத் தாண்டிப் போகும். அப்பேர்ப்பட்ட ஊரில் எனக்கென்று வாய்த்தது, எந்தப் பெருமாளுக்கும் சாத்தாத, எந்தப் பெண்ணும் தலையில் வைக்காத ஒரு பூ. சீமை அகத்திப் பூ.

ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற செடி அது. இலை பார்க்க அகத்தி மாதிரிதான், ஆனால் ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம் இருக்கும். சாயங்காலமானால் இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக்கொள்ளும். கிளை நுனியில் மஞ்சள் கதிர் ஒன்று மெழுகுவர்த்தி மாதிரி நெட்டுக்குத்தாக எழும்பிக் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். காய்க்கு நாலு பக்கமும் இறக்கை உண்டு. காய்ந்தால் காற்றில் சலசலக்கும். இலையைக் கசக்கினால் ஒரு பச்சை நாற்றம். ஆடுகூட வாய் வைக்காது. தெலுங்கில் சீம அவிச என்பார்கள். எங்கள் கிராமத்தில் ஏரிக்கரை முழுக்க அதுதான். படர்தாமரை வந்தால் இதன் இலையைத்தான் தேடிப் போவோம். என் தங்கைகளுக்கு நானே அரைத்துப் போட்டிருக்கிறேன்.

எங்கள் கிராமம் திருத்தணிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அப்பா அங்கே தமிழ் வாத்தியார். நான் மூத்தவள், எனக்குக் கீழே மூன்று தங்கைகள். ஆந்திரா தனி ராஜ்யமான புதிது. சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து எங்கள் கிராமமும் அந்தப் பக்கம் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் இனித் தமிழ் இருக்குமா, தன் வேலை இருக்குமா என்று அப்பாவுக்கு ஓயாத கவலை. அந்தக் கவலையோடு கவலையாக என் கல்யாணத்தையும் முடித்தார். திருப்பதியில் நல்ல இடம். பரம்பரையாகக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். ஒரே பிள்ளை. மாமனார், மாமியார் தவிர வீட்டில் வேறு யாருமில்லை. சீர் அதிகம் கேட்கவில்லை. மடி ஆசாரம் கொஞ்சம் ஜாஸ்தி என்று மட்டும் தரகர் சொன்னார். அப்பா அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். கட்டிக்கொள்ளப்போவது அவரில்லையே.

மடி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெருமாளுக்கு அமுது செய்யப்போகிற தளிகையைச் சுத்தமான துணி உடுத்தித்தான் சமைக்க வேண்டும். மற்ற வீடுகளில் முதல் நாளே துவைத்து, உயரக் கொடியில் யார் கையும் படாமல் உலர்த்திய புடைவையைக் காலையில் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் அகத்தில் அது போதாது. உலர்ந்த புடைவையைப் பூனை உரசியிருக்கலாம், எலி ஓடியிருக்கலாம், யார் கண்டது? ஈரத்தைத்தான் நம்பலாம். ஆகையால் கிணற்றடியில் புடைவையோடு குளித்து, அதையே உடம்போடு பிழிந்துகொண்டு, சொட்டச் சொட்டத் தளிகை உள் என்கிற சமையலறைக்குப் போக வேண்டும். ஒன்பது கஜம். இடுப்பில் கொசுவமும் கச்சமும் முடிச்சுமாக அடுக்கடுக்காகத் துணி. அடுப்பு அனலில் மேல்பக்கம் காய்ந்தாலும் இடுப்புக்கட்டு மத்தியானம் வரை காயாது. சாயங்காலம் திரும்பவும் ஒரு குளியல், திரும்பவும் ஈரம். மழைக்காலத்தில் மட்டுமல்ல, வருஷம் முழுக்க அப்படித்தான்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். வந்த புதிதில், ஜுரத்தோடு நின்ற ஒரு நாள், மாமனாரிடமே கேட்டேன். அவர் கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது.

"எங்கம்மா கடைசி வரைக்கும் ஈரத்துலதாம்மா தளிகை பண்ணினா. அவளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். அவ்வளவு சாந்தமாகச் சொன்னார். சத்தம் போடுகிறவரிடமாவது பதிலுக்குச் சத்தம் போடலாம். இவரிடம் என்ன செய்வது?

முதல் ஐப்பசியிலேயே ஆரம்பித்தது. இடுப்பு முடிச்சுக்குக் கீழே காலணா அளவில் ஒரு சிவப்பு வளையம். நமநமவென்று அரிப்பு. அது காய்ந்தால் பக்கத்தில் இன்னொன்று. தை பிறப்பதற்குள் இடுப்பைச் சுற்றிக் கொடி மாதிரி ஓடிவிட்டது. மடியில் இருக்கும்போது உடம்பைச் சொறியக் கூடாது. சொறிந்தால் கை அலம்ப வேண்டும். அடுப்பில் சாத்தமுது பொங்கும்போது எத்தனை தரம் அலம்புவது? பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அரிப்புத் தாங்காமல் கரண்டிக் காம்பைத் தரையில் குத்திக்கொண்டு அழுதேன். அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

படர்தாமரைதானே, சொன்னால் என்ன என்று தோன்றும். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிறவர் வீட்டில் யாருக்காவது தோல் வியாதி என்று காற்றில் பேச்சுக் கிளம்பினாலே போதும். படையா, தேமலா, குஷ்டமென்கிற பெருவியாதியா என்று நிதானித்துப் பார்க்க எவருக்கும் பொறுமை இருக்காது. என் அகத்துக்காரரை முறையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டுக்கு அதுதான் சோறு. அப்புறம் என்னைப் பிறந்தகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வியாதிக்காரி என்று திரும்பி வந்த அக்காவை வைத்துக்கொண்டு மூன்று தங்கைகளுக்கு அப்பா எங்கே போய் மாப்பிள்ளை தேடுவார்? ஆகவே வாயை மூடிக்கொண்டேன். அகத்துக்காரர் பார்க்கவில்லையா என்றால், அவர் மாதத்தில் பாதி நாள் மலைமேல் இருப்பார். வந்த நாளிலும் பார்க்கும்படியாக அந்த வீட்டில் விளக்கு எரிந்ததில்லை.

எனக்கு மிஞ்சியது மாதத்தில் மூன்று நாள். தூரமானால் கொல்லைக் கொட்டிலில் உட்கார வேண்டும். ஓடு போட்ட சின்ன அறை. ஒரு பாய், ஒரு சொம்பு, ஒரு தட்டு. சாதத்தை மாமியார் தள்ளி நின்று வைத்துவிட்டுப் போவார். மற்றப் பெண்கள் அந்த மூன்று நாளையும் சிறைவாசம் என்பார்கள். எனக்கு நேர்மாறு. அந்த மூன்று நாளும் மடி கிடையாது. காய்ந்த புடைவை கட்டிக்கொள்ளலாம். முதல் தடவை அங்கே போய், பழைய சுங்கடிப் புடைவையை மொரமொரவென்று உடுத்தி உட்கார்ந்தபோது எனக்கு வந்த சுகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஜமீன்தார் வீட்டுப் பெண்ணுக்குக்கூட அப்படி இருந்திருக்காது.

கொட்டில் வாசலை ஒட்டித்தான் நின்றது சீமை அகத்தி. துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில். தூரத்தில் இருக்கிறவள் துளசியின் பக்கம் தலை வைக்கக் கூடாது. பூச்செடியைத் தொட்டால் பட்டுப்போகும் என்பார்கள். ஆனால் இந்தச் செடியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பெருமாளுக்கு ஆகாத செடிக்குத் தீட்டு என்ன வந்தது? மதியம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் ஒரு கொத்து இலையை ஒடித்தேன். துவைக்கிற கல்லில் கூழாங்கல்லால் நசுக்கி, துளி உப்பு வைத்து இடுப்பில் பூசினேன். எரிந்தது. எரிந்தபின் குளிர்ந்தது. நாலாம் நாள் தலைக்குக் குளிக்கும்போது பார்த்தால் வளையங்கள் மங்கியிருந்தன. நான் தொட்டதால் செடி பட்டுப்போய்க் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று உள்ளூர ஒரு உதைப்பு இருந்தது. ஒடித்த இடத்தில் பத்தே நாளில் இரண்டு கிளை விட்டு நின்றது அது. எனக்கு நன்றாகத்தான் சிரிப்பு வந்தது.

ஆனால் மூன்று நாளில் காய்ந்ததெல்லாம் நாலாம் நாள் ஈரத்தில் திரும்ப முளைத்துக்கொண்டது. இலை மட்டும் போதவில்லை. உலர்ந்து இருக்க நாள் வேண்டும். அடுத்த ஐப்பசியில் இடுப்பில் புண்ணாகி நீர் வடிய ஆரம்பித்த ஒரு காலையில், கிணற்றடிக்குப் போகாமல் நேரே கொட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாமியார் வந்து பார்த்தார். "என்னடி, இப்பதானே உக்காந்தே?"

"என்னமோ தெரியலைம்மா. திரும்ப ஆயிடுத்து."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. அன்று அவர்தான் தளிகை செய்தார். பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்குத் துளிக்கூட வருத்தமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் யாரும் வந்து சோதித்துப் பார்க்க முடியாத பொய் அது ஒன்றுதான். அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை உட்கார ஆரம்பித்தேன். ஒரு தடவை நிஜம், ஒரு தடவை இலைக்காக.

வாசலில் அப்போதெல்லாம் எல்லைப் பேச்சுதான். மாமனாரும் தெருக்காரர்களும் தினப்பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு, திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு, திருப்பதி எந்தப் பக்கம் என்று தாலூக்கா தாலூக்காவாக வெட்டிப் பங்கு போடுவார்கள். ஒரு நாள் புத்தூரில் ரயிலை மறித்துவிட்டார்கள் என்பார்கள். இன்னொரு நாள் கமிட்டி வருகிறது என்பார்கள். கொட்டிலில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் அது கேட்கும். ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போனால் என்ன, இடுப்புத் துணி காய்கிற ராஜ்யமாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

பொய்க்குக் கால் முளைக்கக் கொஞ்சம் காலம் ஆயிற்று. மாமனாரின் தமக்கை அதே தெருவில் இருந்தார். நாங்கள் அத்தை என்போம். அவருக்கு அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது தெரியாவிட்டால் சாதம் இறங்காது. ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கொட்டில்வரை கேட்கிற குரலில் மாமியாரிடம் சொன்னார்.

"மாசத்துக்கு ரெண்டு தரம் உக்காரறவளுக்கு எங்கேடி புள்ளை தங்கும்? கல்யாணமாகி எத்தனை நாளாச்சு. இப்ப சட்டம் வந்துடுத்து, இன்னொருத்தியப் பார்க்க முடியாது. ஆனா பொறந்தாத்துல கொஞ்ச நாள் விட்டு வெக்கறதை எந்தச் சட்டம் கேக்கப்போறது?"

மாமியார் பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. என் கையிலிருந்த இலையை அப்படியே கீழே போட்டேன். உண்மையைச் சொன்னால் வியாதிக்காரி, சொல்லாவிட்டால் மலடி. இரண்டு வாசலும் பிறந்தகத்தில்தான் போய் முடிந்தன. நான் சொன்ன பொய் என்னைச் சுற்றியே கட்டிக்கொண்டது. நாலாம் நாள் எழுந்து குளித்தபோது, இனி இரண்டாவது தடவை உட்காருவதில்லை, அரித்துச் செத்தாலும் சரி என்று முடிவு செய்தேன். ஆனால் அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

"நாளைக்குச் சித்தூர் போகணும். அங்க ஒரு லேடி டாக்டர் இருக்காளாம். இங்க காட்டினா தெருவே பேசும்" என்றார் மாமியார். மாமனாரிடம் என்ன சொன்னாரோ, அவர் தலையாட்டிவிட்டார்.

பஸ்ஸில் பாதி தூரம் நின்றுகொண்டே போனோம். பாகாலாவில் இடம் கிடைத்தது. பக்கத்தில் நகரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மடியில் கோழிக்கூடையோடு. சித்தூர் கோர்ட்டில் நில வழக்காம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மூஞ்சி வாடிக்கினு இருக்குது? எதுனா துன்னியா இல்லியா?" என்று கேட்டாள். கட்டிச்சோறு இருக்கிறது, தரட்டுமா என்றாள். மாமியார் கோழிக்கூடை தன்மேல் படாமல் ஜன்னலோடு ஒண்டிக்கொண்டார். எனக்கு அவளோடு நகரிக்கே போய்விடலாமா என்று இருந்தது. டாக்டர் புடைவையை அவிழ்க்கச் சொல்லுவாள். அதோடு எல்லாம் முடிந்தது. வழியெல்லாம் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா நடுவயதுக்காரி. கழுத்தில் சின்னச் சிலுவை. மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னாள். இடுப்புத் துணியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதேமம்மா இது? எத்தனை நாளா இருக்கு?" தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசினாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈர மடியை, கொட்டிலை, இலையை, மாதத்துக்கு ஒரு தடவைதான் ஆகிறது என்பதை. இது பெருவியாதியா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அத்தனை மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அவள் என் தோளில் கை வைத்தாள். கல்யாணமானபின் ஆறுதலுக்கென்று என்னைத் தொட்ட முதல் கை அதுதான்.

"தாமர அம்மா, வட்டி தாமர. வெறும் படர்தாமரை. கொழந்தை பெத்துக்கறதுக்கு உனக்கு ஒரு கொறையும் இல்லை. தடி பட்ட கட்டொத்து. ஈரத்துணி கட்டாதே. அர்த்தமைந்தா?"

அர்த்தமாகாமல் என்ன? கதவைத் திறந்து மாமியாரிடமும் அதையே சொன்னாள், கொஞ்சம் கோபமாகவே. கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது, இடுப்புதான் பாழாகிக் கிடக்கிறது, ஈரத்தை நிறுத்தினால் போதும் என்றாள். ஒரு தகர டப்பாவில் வெள்ளைக் களிம்பு கொடுத்தாள். மாமியார் டப்பாவை முந்தானையால் பிடித்து வாங்கிக்கொண்டார். பொய் என்பது தெரிந்துபோயிற்று, வியாதியும் தெரிந்துபோயிற்று. இனி என்னை ரேணிகுண்டாவில் ரயிலேற்றிவிடுவதுதான் பாக்கி என்று நினைத்தேன். திரும்பப் பஸ் ஏறினோம். சந்திரகிரி தாண்டியதும், "எந்த மிருகத்தோட கொழுப்போ" என்று சொல்லி டப்பாவை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் என்ன நடந்தது தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் தொட்டு, பஸ்ஸில் கண்டவர் மேலும் பட்டு வந்திருக்கிறோம். உள்ளே நுழையும் முன் தலையோடு குளிக்க வேண்டும். சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், ஈரத்துணி கட்டாதே என்று டாக்டர் சொல்லிச் சாயங்காலம்கூட ஆகவில்லை, இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று மாற்றி மாற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டோம். நான் அவருக்கு வாளி இறைத்துக் கொடுத்தேன். அவர் குளித்துவிட்டுப் புடைவையைப் பிழிவதற்காக இடுப்புக்கட்டைத் தளர்த்தித் திரும்பினார்.

வாளி என் கையில் அப்படியே நின்றது. அவர் இடுப்பைச் சுற்றி, முதுகின் பாதி வரை, கருத்துத் தடித்த பழைய வளையங்கள். அவற்றின் மேலேயே புதிதாகச் சிவந்த வளையங்கள். என்னுடையதை விட மோசம்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். மறைத்துக்கொள்ளவில்லை.

"அந்தச் செடி தானா முளைச்சுதுன்னு நெனச்சியோ? என் கல்யாணத்துக்கு அப்புறம் எங்க ஊர்லேந்து வெதை கொண்டுவந்து நான் போட்டது" என்றார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா? நான்..."

"கல்லுல பச்சைக் கறை தெரியாதா எனக்கு? இருபது வருஷம் நான் நசுக்கின கல்லுடி அது. ஆனா நெஜமாவே கர்ப்பப்பைல ஏதாவது இருந்துடக் கூடாதேன்னு ஒரு பயம். அதான் கூட்டிண்டு போனேன். அத்தை வாயை மூடவும் ஆச்சு."

கச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டே பேசினார். ஒரு துளி கண்ணீர் இல்லை. கத்திரிக்காய் விலை சொல்லுகிற குரல்.

"எனக்கு அந்த மூணு நாள் இருந்த வரைக்கும் ஒரு மாதிரி தள்ளிண்டு இருந்தேன். அதுவும் நின்னுபோச்சு. அப்புறம் எனக்குக் காயறதுக்கு ஏது நாள்? செடி அங்கேயேதான் நிக்கறது. இலைக்கென்ன கொறைச்சல். மாட்டுப்பொண் வந்தா நாம தளிகை உள்ளை விட்டு வெளியில வந்துடலாம்னு பிள்ளைக்கு அவசர அவசரமாக் கல்யாணம் பண்ணினேன். நீ வந்தே. என் இடுப்பு காஞ்சுது. அப்புறம் நீ ரெண்டாந்தடவை உக்கார ஆரம்பிச்சே."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கொட்டிலில் காய்ந்த புடைவையோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும், உள்ளே யாரோ ஒருத்தி ஈரத்தில் நின்றுகொண்டுதானே சமைத்திருக்க வேண்டும். வாளி இறங்குகிற சத்தத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன். அது யாருடைய இடுப்பு என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. தனக்குப் பதிலாக நனைவதற்குத்தானே என்னைக் கொண்டுவந்தார்.

"அப்பாகிட்ட டாக்டர் சொன்னதைச் சொல்லலாமே" என்றேன். மாமனாரை நான் அப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"சொல்லு. எங்கம்மாக்கு ஒண்ணும் ஆகலையேம்பார். அவருக்கு என்ன தெரியும், பாவம். அவ இடுப்பு எப்படி இருந்துதுன்னு கடைசில குளிப்பாட்டின எனக்குத்தான் தெரியும்."

என்னைப் பிறந்தகத்தில் விடுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அத்தையிடம், ரத்தம் கம்மி, டாக்டர் சாப்பாட்டைச் சரியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள், வேறு குறை இல்லை என்று சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும், வேண்டுமானால் இரண்டாம் தடவையும் உட்கார்ந்துகொள், கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். மடியை மீற அவரால் முடியாது. பொய்யை வேண்டுமானால் பங்கு போட்டுக்கொள்ள முடியும்.

நான் உட்காரவில்லை. அதற்குப் பதிலாக, மாமியார் காய்ந்த புடைவையோடு வெயிலில் உட்காரும்படி வேறு ஒரு பொய்யைத் தயார் செய்தேன். மாமியாருக்கு மூட்டு வலி. தெருமுழுக்க நானே சொன்னேன். அத்தையிடம் இரண்டு தரம் சொன்னேன். "அம்மாவால நிக்கவே முடியலை அத்தை, வெயில்ல கால் நீட்டி உக்காந்தாதான் தேவலையா இருக்கு" என்றேன். மாமனாருக்கும் அது நியாயமாகவே பட்டது. மூட்டு வலிக்குச் சாஸ்திரத்தில் இடம் இருந்தது போலிருக்கிறது. கொட்டிலுக்குள் அவர் உட்கார முடியாது. அது தூரமானவளுக்குரிய இடம். ஆகையால் வெளியே துவைக்கிற கல்லில், செடிக்கு அடியில் உட்கார்ந்தார். எனக்கு நாள் வரும்போது மட்டும் அவர் தளிகை உள்ளுக்குப் போவார். மற்ற நாளெல்லாம் நான்.

தங்கைகளுக்கு அப்பா ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்தார். கடைசித் தங்கைக்கும் கல்யாணமான குளிர்காலத்தில்தான் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தை கல்கண்டு கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கொட்டில் கதவை வெளியே தாழிட்டபோது மனசு என்னவோ செய்தது. இனிப் பத்து மாதத்துக்கு அந்த மூன்று நாளும் கிடையாது.

"பிரசவத்துக்குப் போற வரைக்கும் நான் தளிகை பண்றேன், நீ உக்காரு" என்றார் மாமியார். அவர் இடுப்பில் அப்போதுதான் பழைய கருப்பு மட்டும் மிஞ்சி, சிவப்பு அடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றேன்.

அப்படி ஒரு மார்கழிக் காலை. மாமனார் முற்றத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தளிகை உள் பக்கம் பார்த்து, "எல்லை தீர்ந்துடுத்தும்மா. திருத்தணி தமிழ்ப் பக்கம் போறது. உங்கப்பா ஊரும் போறது. அவருக்கு நிம்மதி" என்றார்.

"நல்லதாப் போச்சுப்பா" என்றேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் பள்ளிக்கூடத்தில் தமிழ் இருக்கும்.

"நமக்குத்தான் ஒண்ணும் மாறலை. நாம இருந்த இடத்துலயே இருக்கோம்" என்றார் அவர், பத்திரிகையை மடித்துக்கொண்டே.

அடுப்படிச் சாளரம் வழியாகக் கொல்லை தெரிந்தது. சீமை அகத்தி கிளைக்கு ஒரு கதிராக மஞ்சளாக நின்றது. அதன் அடியில் காய்ந்த புடைவையோடு, பாதங்களை வெயிலில் நீட்டிக்கொண்டு, இடுப்பில் இலையைச் செருகியபடியே மாமியார் தூங்கிப்போயிருந்தார். என் புடைவையிலிருந்து தண்ணீர் அடுப்பங்கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இடுப்பு அரித்தது. சொறியவில்லை. கையில் கரண்டி இருந்தது.